இடுப்புக்கு மேலே

அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிந்துகொள்வது பாத்திரங்கள்தான். அந்த விடுமுறை நாள் காலையில் அவள் தட்டுகளை அடுக்கிய சத்தத்திலேயே பக்கத்து வீட்டுக்காரி தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், தண்ணீர் பாட்டில்களுக்குப் பின்னால், வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் ஏதோ நிரப்பிய பாட்டில்கள் ஒளிந்துகொண்டிருந்தன. மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. பால் ஆலையின் லேபில் டேங்கர் டேங்கராகப் பாலைச் சோதித்துச் சோதித்துத் தலை நரைத்தவள். சீஸ் போடும்போது பால் கட்டியாகி வடிந்து நிற்கும் தண்ணீர் அது. ஆலையில் அதற்கு ‘வே’ என்று பெயர்.

“என்னங்க இது?”

“வே தண்ணி” என்றான் கணவன், படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அது எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள எதுக்கு வந்துச்சுன்னு கேக்குறேன்.”

“குடிக்கத்தான். காலையில ஒரு பாட்டில், சாயங்காலம் ஒரு பாட்டில். ரத்தக்குழாய்க்கு நல்லதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்களே, மறந்துட்டியா?”

அவனும் அதே ஆலைதான். அங்கே அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பைப்பு’ என்றால் கேட்டில் நிற்கும் காவலாளியிலிருந்து பெரிய முதலாளிவரை எல்லோருக்கும் தெரியும். பால் ஓடும் குழாய்களைக் கழுவுகிறவன். நல்ல மனுஷன், சிரித்த முகம், ஒரு வேலையைக் கொடுத்தால் அதை முடிக்காமல் சாப்பிடக்கூடப் போக மாட்டான். ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் அதைக் கிளப்ப ஜேசிபிதான் வர வேண்டும். சர்க்கரை வியாதி பிடித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பத்து வருஷமும் மாத்திரை, பத்தியம், நடை என்று அவனை மேய்த்துக்கொண்டு வந்தவள் இவள்தான்.

சில மாதங்களுக்கு முன்பு சர்க்கரை ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். இவர்கள் ஆலையில் அந்த வே தண்ணீரை வடிகட்டி, அதிலிருக்கும் சர்க்கரையை நீக்கி, புரதத்தை மட்டும் பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடியைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கரைத்துக் குடித்தால் சர்க்கரைக்காரர்களின் ரத்தக்குழாய்க்கு நன்மை உண்டா என்று பார்க்கிற ஆராய்ச்சி. டாக்டரம்மா நிதானமான மனுஷி. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறும்போது குழாயின் உள்சுவர் விறைத்துப்போகிறது, பால் புரதம் வயிற்றில் உடைந்து கிடைக்கும் துணுக்குகள் அந்த விறைப்பைத் தளர்த்துகின்றனவா என்று பார்க்கிறோம் என்று படம் வரைந்து விளக்கினார். மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். ஒரு தடவை சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

பிறகு அவன் கையில் ஒரு பட்டையைக் கட்டி, இறுக்கி, தளர்த்தி, ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று திரையில் அளந்தார்கள். பொடி குடித்த நாளில் கொஞ்சம் கூடுதலாகவே விரிந்தது. டாக்டரம்மா சந்தோஷத்தில் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கேதான் வந்தது வினை.

அது ஏன் வினை என்று புரிய, பைப்பு செய்கிற வேலை தெரிய வேண்டும். நாள் முழுக்கப் பால் ஓடினால் குழாய்க்குள் படிவு ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றித் தேய்ப்பதில்லை. முதலில் காரத் தண்ணீர், அடுத்து அமிலத் தண்ணீர், கடைசியில் வெந்நீர் என்று உள்ளேயே ஓட விட்டுக் கழுவுவார்கள். ஓட்டம் பழையபடி வந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்து, “லைன் கிளியர்” என்று குரல் கொடுத்து, ‘மருந்து’ என்று அவர்கள் சொல்லும் அந்தக் கார, அமிலத் தண்ணீரின் வால்வை மூடுவான் பைப்பு. அவன் மூடிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. லைன் கிளியர் ஆன பிறகும் மருந்தை ஓட விடுகிறவன் அவன் கணக்கில் வேலை தெரியாதவன், பாலைக் கெடுக்கிறவன். இப்படியே வாழ்ந்த ஒருவனிடம் போய், உன் குழாய் விரிந்துவிட்டது பார் என்று திரையைக் காட்டினால் அவன் என்ன செய்வான்?

“டாக்டரம்மா சொன்னது பொடியைங்க. பொடி வேற, இது வேற” என்றாள் அவள். அப்போது இன்னும் குரலில் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருந்தது.

“பொடி குழந்தைன்னா இது தாய். குழந்தையே அவ்வளவு வேலை பாக்குதுன்னா தாய் எவ்வளவு பாக்கும்! சும்மா சாக்கடையில போறதைத்தானே எடுத்துட்டு வர்றேன்.”

“பொடியில சர்க்கரைய எடுத்துடுறோம். இதுல எடுக்கல, முழுசா அப்படியே இருக்கு. ஒரு லிட்டர் குடிச்சா பன்னெண்டு ஸ்பூன் சர்க்கரை உள்ள போகுது.”

“இனிக்கவே இல்லையே.”

“பாலோட சர்க்கரை அவ்வளவா இனிக்காது. இனிக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? உங்க அக்கா பேச்சு எப்படி இனிக்கும்! உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

அக்காவை இழுத்தால் வழக்கமாக அவன் சண்டைக்கு வருவான். அன்று வரவில்லை. செய்தித்தாளை நான்காக மடித்து, அதையும் இரண்டாக மடித்தான். எதையாவது மறைக்கும்போதுதான் அவன் அப்படி மடிப்பான்.

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்கல்ல?”

அவன் மடித்த தாளை மறுபடி பிரித்தான். அவள் நேராகப் போய் அவனுடைய வேலைப் பையை எடுத்துத் தரையில் கொட்டினாள். ஸ்பானர், கையுறை, டார்ச்லைட்டோடு மாத்திரை அட்டைகளும் விழுந்தன. ஒன்றிலும் ஓட்டை விழவில்லை. தினமும் காலையில் ‘கேன்டீன்ல டீக்கு அப்புறம் போட்டுக்கிறேன்’ என்று சொல்லி அட்டை அட்டையாக வாங்கி வைத்துக்கொண்டதெல்லாம் பத்திரமாக அப்படியே இருந்தது.

“யோவ்!” என்றாள். கோபம் உச்சிக்குப் போனால் அவள் பேச்சில் ‘ங்க’ எல்லாம் உதிர்ந்துவிடும். “எத்தனை மாசமாய்யா இந்த நாடகம்?”

“கத்தாதே. லைன் கிளியர் ஆயிடுச்சு, நானே கண்ணால பாத்தேன். அப்புறமும் எதுக்கு மருந்தை ஓட்டணும்? ரெண்டு மூணு மாசமா ஒண்ணுமே போடல. என்ன ஆயிடுச்சு எனக்கு? கல்லு மாதிரி இருக்கேன்.”

“நீ பைப்பு இல்லைய்யா!” என்று அவள் கத்தினாள். ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது என்பது கத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

யார் எந்தக் கேனில் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்று மணி அடித்த மாதிரிச் சொல்கிறவள் அவள். பால்காரர்கள் அவளைக் கண்டாலே பம்முவார்கள். அப்பேர்ப்பட்டவளை வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் மாசக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறான். அதுவும் மாத்திரை விஷயத்தில், சிரித்துக்கொண்டே. அவள் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து சிங்க்கில் கவிழ்த்தாள். அவன் ஏதோ தங்கத்தைக் கொட்டுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“நாளைக்கா? நாளைக்குப் போட்டோ இருக்கே.”

போட்டோ கதை இதுதான். ஆலையின் சேல்ஸ் மேனேஜருக்கு ‘சிரிப்பு’ என்று பட்டப்பெயர். யாராவது செத்துப்போன செய்தியைச் சொன்னாலும் அதே சிரிப்போடுதான் கேட்பார். பைப்பு கேன்டீனில் உட்கார்ந்து தன் ரத்தக்குழாய் விரிந்த பெருமையை அளந்துகொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. ஆராய்ச்சி முடியக்கூட இல்லை. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ‘உங்கள் ரத்தக்குழாய்க்கு இளமை’ என்று அந்தப் பொடி டப்பாவில் போட முடிவாகிவிட்டது. அந்த வாசகத்துக்குப் பக்கத்தில், இதே ஆலையில் உழைக்கிற, சர்க்கரையை ஜெயித்த மனிதனாகப் பைப்பின் சிரித்த முகம். இத்தனை வருஷத்தில் அவனை ஆலையில் யாரும் போட்டோ எடுத்ததில்லை, அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர.

“சட்டைகூட வாங்கித் தந்திருக்காரு” என்றான், குழந்தை மாதிரி. “மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.”

அந்த முகத்தைப் பார்த்தால் அடிக்கவும் தோன்றியது, அடிக்காமல் விடவும் தோன்றியது. “மத்தியானம் வரைக்கும்தான்” என்றாள். மாத்திரையைத் தன் கையாலேயே அவன் வாயில் போட்டு, விழுங்குகிறானா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மறுநாள் காலையில் ஆலை நின்றிருந்தது. சீஸ் கூடத்துக் குழாய் ஒன்றில், இணைப்பை இறுக்கும் நட்டு ஒன்றைக் காணோம். கட்டைவிரல் அளவு இருக்கும். சின்னச் சமாச்சாரம்தான். ஆனால் உணவு செய்கிற இடத்தில் ஒரு நட்டு காணாமல் போவது வீட்டில் குழந்தை காணாமல் போவதற்குச் சமம். அது பாலில் விழுந்திருந்தால்? சீஸுக்குள் போய் யாருடைய பல்லிலாவது மாட்டினால்? கிடைக்கிற வரைக்கும் ஒரு சொட்டுப் பால் ஓடக் கூடாது. காலை ஷிஃப்ட்டே மண்டியிட்டு, காந்தத்தைக் கயிற்றில் கட்டி வடிகாலுக்குள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தது.

எல்லோரையும்விட சத்தமாகத் தேடியது பைப்புதான். காலையில் அந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்தவனே அவன். ரப்பர் பூட்ஸைத் தொப்தொப்பென்று போட்டு மிதித்து அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஓடினான். “ஒரு நட்டைப் பத்திரமா வெக்கத் தெரியாதா?” என்று கூட இருந்தவர்களை ஏசினான். அவள் லேபின் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நடையில் ஏதோ கோணல் இருந்தது. வலது காலை வைக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

சிரிப்பு மேனேஜர் போட்டோக்காரரோடு வந்து சேர்ந்தார். சீஸ் கூடத்தின் நடுவே மேசை போட்டு, டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். “லைன் நின்னா என்ன, போட்டோவை முடிச்சிடுவோம். பின்னாடி அமைதியா இருக்கிறதும் நல்லதுதான்” என்றார். பைப்பு கையைக் கழுவி, புதுச்சட்டை மாட்டி, தலையைச் சீவிக்கொண்டு வந்தான். போட்டோக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த பூட்ஸைக் கழட்டிட்டு ஷூ போட்டுக்குங்க சார்.”

‘சார்’ என்றதில் பைப்பு குளிர்ந்துபோனான். ஸ்டூலில் உட்கார்ந்து இடது பூட்ஸை உருவினான். வலது பூட்ஸ் லேசில் வரவில்லை. அவள் லேபிலிருந்து இறங்கி வந்து, முன்னால் குனிந்து, பிடித்து இழுத்தாள். பூட்ஸ் கையோடு வந்தது. கவிழ்ந்த பூட்ஸிலிருந்து என்னவோ தரையில் விழுந்து, கணீரென்று ஒலித்து, உருண்டு, மேனேஜரின் காலடியில் போய் நின்றது.

நட்டு.

“கிடைச்சிடுச்சு! நட்டு கிடைச்சிடுச்சு!” என்று யாரோ கத்தினார்கள். கூடமே கைதட்டியது. மேனேஜர் அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “பால்ல விழல. நல்லவேளை! லைனை ஓட்டுங்கப்பா!” விசில் அடித்தார்கள். பைப்பும் சிரித்தான். “என் பூட்ஸுக்குள்ளேயா இருந்துச்சு! நான் ஊரெல்லாம் தேடுறேன்!” என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பக்கம் பழுப்பும் சிவப்புமாக நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நாளாகவே வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுத் திரிந்தான். கேட்டால் தரை குளிருகிறது என்பான். மெல்ல உரித்தாள். பெருவிரலுக்குக் கீழே நட்டு பதிந்த தடம் அச்சுப்போல இருந்தது. அந்தத் தடத்துக்குக் கீழே அதைவிடப் பழைய புண் ஒன்று. ஓரமெல்லாம் ஊறி வெளுத்து, நடுவில் கறுத்துக் குழிவிழுந்து கிடந்தது. பக்கத்து விரலும் நிறம் மாறியிருந்தது. திரிந்த பாலை மூடி திறப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கிற அவள் மூக்குக்கு மற்றதெல்லாம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இது எப்ப வந்துச்சு?”

“அது... கொஞ்ச நாள் ஆச்சு. கீறல்தான். பூட்ஸுக்குள்ள காரத் தண்ணி இறங்கிடுச்சு. வலியே இல்லை, அதான் சொல்லல.”

“காலையிலருந்து நட்டு மேல மிதிச்சு ஓடியிருக்க. அது தெரியவே இல்லையா?”

“தெரியலையே” என்றான். சொல்லும்போதே சிரிப்பு வாயோரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

பின்னால் பம்புகள் ஓட ஆரம்பித்தன. மேனேஜர் எட்டிப் பார்த்தார். காலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை. “அடடா. டாக்டரைப் பாத்துடுங்க, கண்டிப்பா பாத்துடுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம். கால் யாருக்குத் தெரியப்போகுது? இடுப்புக்கு மேலதான் எடுக்கப்போறோம்.”

அவள் உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் தலைக்கு ஏறியது. அதைவிடப் பெரிய அடி அதற்கு அடுத்ததாக விழுந்தது. “ரெண்டு நிமிஷம்தானேம்மா” என்றான் பைப்பு. “எடுத்துட்டே போயிடலாம்.”

அவள் எழுந்தாள். அந்த வலது பூட்ஸை எடுத்துக்கொண்டு போய், அடுக்கிவைத்திருந்த டப்பாக் கோபுரத்தின் உச்சியில் வைத்தாள். உள்ளேயிருந்து கசிந்தது ‘உங்கள் ரத்தக்குழாய்க்கு இளமை’ என்ற எழுத்தின்மேல் இறங்கியது.

“இதையும் சேத்து எடுங்க” என்றாள் போட்டோக்காரரிடம். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள். “நட்டு காணோம்னதும் ஆலையையே நிறுத்தினீங்களே. அந்த நட்டு எங்க இருந்துச்சுன்னு ஒருத்தருக்காவது பாக்கத் தோணுச்சா? கைதட்டுறீங்க! ஒரு மனுஷன் கால்ல இரும்பு ஏறி நிக்குது, அவனுக்கே தெரியல, நீங்க விசில் அடிக்கிறீங்க! நாளைக்கு இந்த மூஞ்சியைப் பாத்துட்டு இன்னும் எத்தனை பேரு மாத்திரையைத் தூக்கிப் போடுவாங்கன்னு யோசிச்சீங்களா சார்?”

“அம்மா, கோபப்படாதீங்க...”

“கோபப்படாம? நீங்க சிரிக்கிறதுக்கும் சேத்து நான்தான் கோபப்படணும்.”

அவள் பைப்பின் தோளைப் பிடித்துத் தூக்கி, ஒற்றைக் காலில் நொண்ட வைத்து, வாசலுக்கு நடத்திக்கொண்டு போனாள். அவன் ஒரு தடவை திரும்பி கேமராவைப் பார்த்தான். அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். எலும்புவரை போய்விட்டது என்றார் அறுவை டாக்டர். முழங்காலுக்குக் கீழே ரத்த ஓட்டம் மந்தமாக இருக்கிறது, புண் ஆறினால் இதோடு போகும், ஆறாவிட்டால் இன்னும் மேலே போக வேண்டியிருக்கும், பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். பொறுப்பது என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆராய்ச்சி டாக்டரம்மா விஷயம் கேள்விப்பட்டு வார்டுக்கு வந்தார். கட்டிலில் கிடந்த பைப்பு அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது: “குழாய் விரியுதுன்னு நீங்கதானே காமிச்சீங்க டாக்டர்?”

“கையில, சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரத்துக்கு. அவ்வளவுதான் நான் பாத்தது” என்றார் டாக்டரம்மா. “அந்தப் புரதம் கெட்டதில்லை. மாத்திரையோட சேத்து எடுத்துக்கிட்டா சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுறதைக் கொஞ்சம் குறைக்குது. குழாயும் கொஞ்சம் இளகுற மாதிரி இருக்கு. இன்னும் நிறைய பேரைப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட கேட்டேனே, மாத்திரை போடுறீங்களான்னு. போடுறேன்னுதானே சொன்னீங்க?”

பைப்பு கூரையைப் பார்த்தான்.

“அவரு பொய் சொன்னாரு, சரி” என்றாள் அவள். “நீங்க எதுக்கு டாக்டர் அந்தத் திரையைத் திருப்பிக் காமிச்சீங்க? பைப்பு கழுவுற ஆளுகிட்ட குழாய் விரிஞ்சதைக் காட்டினா, அவரு வால்வை மூடாம என்ன பண்ணுவாரு?”

டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். “காமிச்சிருக்கக் கூடாது” என்றார். “ஆராய்ச்சியிலருந்து இவரு கணக்கை நீக்கிட்டுத்தான் மத்தவங்க கணக்கைப் பாக்கணும். டப்பா விஷயமும் எனக்குத் தெரியாது. அந்த வாசகத்தைப் போடக் கூடாதுன்னு இன்னைக்கே எழுதிடுறேன்.” அவள் அதற்கு நன்றியும் சொல்லவில்லை, மேற்கொண்டு திட்டவும் இல்லை. திட்டுவதற்கு வேறு ஆள் வந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் சிரிப்பு மேனேஜர் வந்தார். கையில் பழங்களோடு ஒரு டப்பாவும் இருந்தது. முதலாளி ரொம்ப வருத்தப்பட்டார் என்றார். செலவெல்லாம் ஆலை பார்த்துக்கொள்ளும் என்றார். சிரித்தபடியே, “உடம்பு தேறினதும் அந்தப் போட்டோவை நிதானமா எடுத்துக்கலாம்” என்றார்.

அவள் டப்பாவை வாங்கிப் பார்த்தாள். வாசகம் இன்னும் அப்படியே பளபளத்தது. அதைத் திரும்ப அவர் கையிலேயே வைத்து அழுத்தினாள். “இதை நீங்க குடிங்க சார். குழாய் விரியுதோ இல்லையோ, மனசு கொஞ்சம் விரியுதான்னு பாப்போம். இதை வேற யாருகிட்டயாவது மருந்துன்னு சொல்லி வித்தீங்கன்னு என் காதுக்கு வந்துச்சு, இந்த மனுஷன் கால்கட்டோட உங்க ஆபீஸ் வாசல்ல உக்காருவாரு. நான் உக்கார வைப்பேன்.” மேனேஜர் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். பைப்பு அவர் போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்ல மனுஷன்தான்” என்றான் மெதுவாக.

“வாயை மூடு” என்றாள்.

கட்டுப் பிரிக்கும் நாளில் நர்ஸ் இன்னொரு சோதனையும் செய்ய வந்தாள். கையில் மெல்லிய நைலான் இழை ஒன்று, பிடி போட்டது. அறுத்த காலை விட்டுவிட்டு நல்ல காலைப் போர்வைக்கு வெளியே எடுத்தாள். “இதுல உணர்ச்சி எப்படி இருக்குன்னு பாக்கணும். இந்த இழையால அங்கங்க தொடுவேன். தெரிஞ்சா ‘தெரியுது’ன்னு சொல்லுங்க.”

அவள் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். நர்ஸ் பெருவிரலைத் தொட்டாள். “தெரியுது” என்றான் பைப்பு. சுண்டுவிரல். “தெரியுது.” உள்ளங்கால். “தெரியுது.” நர்ஸின் முகம் மலர்ந்தது. “பரவாயில்லையே, இந்தக் கால் நல்லா இருக்கே” என்றாள்.

அவள் நர்ஸைப் பார்க்கவில்லை. அவன் கண்களைப் பார்த்தாள். அவை இழையின் நுனியை விட்டு நகரவே இல்லை. மீட்டரின் முள்ளைப் பார்க்கிற அதே பார்வை. இழை எங்கே படுகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்கிறான். இரண்டு விரலைக் கொடுத்த பிறகும், இன்னும் எவ்வளவு போகும் என்று தெரியாமல் கிடக்கும்போதும், இந்த மனுஷன் இன்னும் பொய் சொல்கிறான். அவனை அங்கேயே கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போல வந்தது.

“சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்றாள். பின்னாலிருந்து தன் உள்ளங்கையால் அவன் கண்களை இறுகப் பொத்தினாள். “இப்ப தொடுங்க.”

“ஏய், என்ன பண்ற?”

“பேசாம படு.”

நர்ஸ் பெருவிரலைத் தொட்டாள். அவன் வாய் திறக்கவில்லை. சுண்டுவிரலைத் தொட்டாள். உள்ளங்காலின் நடுவில், இழை வளைகிற அளவுக்கு அழுத்தித் தொட்டாள். ஒன்றுமில்லை. குதிகாலுக்குப் போனாள். அங்கேயும் ஒன்றுமில்லை. நர்ஸின் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. இழையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தெரியுது” என்றான் பைப்பு அவசரமாக. “இப்ப நல்லாத் தெரியுது.”

இழை அந்தரத்தில் இருந்தது. நர்ஸ் அவளைப் பார்த்தாள். திட்டுவதற்கு அவள் வாய் நிறைய வார்த்தைகள் வைத்திருந்தாள். பொய்யன், மடையன், கல்நெஞ்சக்காரன், எல்லாம் தயாராக இருந்தன. ஒன்றும் வரவில்லை.

“அவங்க தொடவே இல்லைய்யா” என்றாள்.

அவளுடைய உள்ளங்கைக்கு அடியில் அவன் இமைகள் அடித்துக்கொண்டன. பிறகு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற குரலில் கேட்டான்.

“முதல்ல எங்க தொட்டாங்க?”

அவள் கையை எடுக்காமலே நர்ஸிடம் தலையை அசைத்தாள். நர்ஸ் மறுபடி பெருவிரலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் கண்களைப் பொத்தியபடியே, இழை படுகிற ஒவ்வொரு இடமாக அவள் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.